கூடாரத்துக்குள் விறகடுப்பு: வாங்குமுன் ஒரு குறிப்பு

திருகோணமலை வெக்கையில் கூடாரத்துக்கு அடுப்பா என்று சிரிக்க வேண்டாம். கனடாவில் பிள்ளைகளோடு பனிக்காலக் காட்டுக்குப் போகிறவர்களுக்கு இது. முதுகில் சுமப்பதென்றால் டைட்டேனியம் அடுப்பே நல்லது. துருப்பிடிக்காத எஃகு மலிவு, ஆனால் பாரம். புகைக்குழாயை இங்கே நாக (துத்தநாக) முலாம் பூசிய தகரத்தில் அடித்துக் கொண்டுபோக நினைக்காதீர்கள். கடுஞ்சூட்டில் வரும் நாகப் புகை நஞ்சு.

முதல் தீயை வெளியில் மூட்டி எண்ணெய்ப் பிசுக்கைப் புகைய விடுங்கள். ஒத்திகைக்கு நிலாவெளிக் கடற்கரையில் ஒதுங்கிய கட்டை வேண்டாம், உப்பேறிய விறகு எஃகை அரிக்கும். காய்ந்த விறகைப் பெருவிரல் தடிப்பில் பிளந்தால் போதும்.

குழாய் வெளியேறும் இடத்தில் தீத்தாங்கும் துணி தைத்த கூடாரம்தான் ஏற்றது. தீயிலிருந்து வரும் நச்சுவாயுவான காபன் மொனொக்சைட்டுக்கு மணமே இல்லை. காற்றுவழியைத் திறந்தே வையுங்கள், அதற்கான அலாரத்தையும் மாட்டுங்கள். உறங்குமுன் தீயை அணைத்துவிடுங்கள்; குளிருக்குத் தடித்த உறக்கப்பை இருக்கிறது.