அவரை பூக்கவில்லையா? இருட்டைக் கவனியுங்கள்

மாடித்தோட்டத்தில் நாட்டுக் கொடி அவரை பந்தல் முழுக்கப் படர்ந்திருக்கும், பூ மட்டும் வராது. உடனே பஞ்சகவ்யம், மீன் அமிலம் என்று ஊற்றத் தொடங்கிவிடுகிறார்கள். தழைச்சத்து கூடினால் இலைதான் இன்னும் பெருகும். முதலில் எந்த மாதம் விதைத்தீர்கள் என்று பாருங்கள்.

சென்னையில் ஜூன் 21 வாக்கில் பகல் ஏறக்குறைய 12 மணி 53 நிமிடம், டிசம்பர் 21 வாக்கில் 11 மணி 22 நிமிடம். வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். அவரைக்கு அதுவே தாராளம். செடி கணக்கு வைப்பது இடையில் வெளிச்சம் படாத இரவின் நீளத்தைத்தான்; இரவு நீண்டால்தான் கொடி அவரை பூக்கும். ஆடியில் விதைத்தால் கொடி தேறிய பிறகு இரவு நீளும். ஐப்பசி, கார்த்திகையில் பூ வரும். மாசியில் விதைத்தால் கோடை முழுக்க இலைதான். அதுவரை பொறுமை இல்லையென்றால், பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத செடி அவரை ரகம் வாங்குங்கள்.

ஆடியில் விதைத்தும் கார்த்திகை வரை மொட்டு இல்லையா? தெருவிளக்கைச் சந்தேகப்படுங்கள். இரவு 9 மணிக்குத் தொட்டி பக்கத்தில் நின்று செய்தித்தாள் படிக்க முடிந்தால் வெளிச்சம் அதிகம். பந்தலில் விளக்கைப் பார்த்த பக்கம் வெறும் இலை, மறுபக்கம் பூ என்றால் சந்தேகமே வேண்டாம். தொட்டியை நிழல் மறைக்கும் சுவரோரம் நகர்த்துங்கள். முடியாவிட்டால் விளக்குப் பக்கம் மட்டும் கெட்டியான கறுப்புத் துணி கட்டுங்கள். பச்சை நிழல்வலை போதாது. செடியையே மூடுவதானால் மாலை 6 மணிக்கு மேல் மூடி, காலை 7 மணிக்குள் எடுத்துவிடுங்கள். வெயிலில் மூடினால் உள்ளே வெந்துவிடும்.

சாமந்தியும் இரவு நீண்டால் பூக்கும் செடிதான், ஆனால் அதில் சிக்கல் நேரெதிர். சென்னைப் பகல் 13 மணி நேரத்தைத் தாண்டாததால் நாற்று சாண் உயரத்திலேயே மொட்டு வைத்துவிடும். புதராக வேண்டுமென்றால், செடிக்கு மூன்றடி மேலே 9 வாட் எல்இடி பல்பை டைமரில் இணைத்து, தினமும் இரவு 10 முதல் 2 வரை எரியவிடுங்கள். கொழுந்து கிள்ளிப் பக்கக் கிளைகள் வந்ததும் விளக்கை நிறுத்துங்கள். ரகத்தைப் பொறுத்து 8 முதல் 10 வாரத்தில் பூக்கும். பொங்கலுக்கு வேண்டுமென்றால் நவம்பர் முதல் வாரம் அணைத்துவிட வேண்டும். மழைக்காலமாதலால் ஒயர் இணைப்புகளை நனையாத இடத்தில் வையுங்கள்.

தக்காளி, கத்தரிக்கு இந்தக் கவலை இல்லை. வெங்காயம் கதை வேறு: பகல் நன்றாக நீண்டால்தான் காய் கட்டும் குளிர்நாட்டு நீள்பகல் ரக விதை இங்கே தாள்தான் விடும்.