ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளை மூடாமல் வீட்டுக்குக் கொண்டுவர

டிடிபி கடை கும்பகோணத்தில், வீடு திருவையாற்றில். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் கல்யாணப் பத்திரிகை பாதியில் நிற்கிறது, பஸ்ஸுக்கு நேரமாச்சு. கடைக் கணினியில் லினக்ஸ் இருந்தால் எதையும் மூட வேண்டாம். எக்ஸ்ப்ரா என்ற இலவச மென்பொருள் போதும்.

இரண்டு கணினியிலும் அதை நிறுவிக்கொள்ளுங்கள். கடையில் இங்க்ஸ்கேப்பை மெனுவிலிருந்து திறக்காமல், ‘எக்ஸ்ப்ரா ஸ்டார்ட்’ கட்டளையில் 100 மாதிரி ஒரு திரை எண் கொடுத்துத் தொடங்குங்கள். இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். வழக்கம்போல் திறந்துவிட்டதைப் பிறகு இடம் மாற்ற முடியாது. எக்ஸ்ப்ரா வழியாகத் திறந்தது கண்ணுக்குத் தெரியாத ஒரு திரையில் ஓடும். ‘அட்டாச்’ கொடுத்தால் அதன் ஜன்னல் நம் முன்னால் வரும். கிளம்பும்போது ‘டிடாச்’. ஜன்னலின் பெருக்கல் குறியை அழுத்திவிடாதீர்கள், மென்பொருளே மூடிவிடும்.

வீட்டிலிருந்து எஸ்எஸ்ஹெச் (தொலைவிலுள்ள கணினியோடு பாதுகாப்பாக இணையும் முறை) வழியாக அதே 100-க்கு ‘அட்டாச்’ கொடுங்கள். அன்டூ வரலாறு உட்பட எல்லாம் விட்டபடியே இருக்கும். வெளியிலிருந்து கடைக் கணினியோடு தொடர்புகொள்ள வழி இல்லையென்றால், இரண்டு கணினியையும் ஒரே நெட்வொர்க்கில் இருப்பதுபோல் சேர்க்கும் ஒரு விபிஎன் முதலில் வேண்டும்.

நடுவில் நெட் அறுந்தால் பயமில்லை, திரும்ப இணையலாம். ஐப்பசி மழையில் கரண்ட் போய்க் கடைக் கணினியே அணைந்தால்தான் சேமிக்காத வேலை போய்விடும். அதனால் யுபிஎஸ் வையுங்கள், கிளம்பும் முன் ஒருமுறை சேமித்துவிடுங்கள்.