நடுங்கும் விரலுக்குப் பெரிய விதை, தடித்த பிடி

மருத்துவமனையில் இருக்கும் வயதானவரைச் செடி வைக்கச் சொல்லும்போது தோட்டக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். ஒரு பழைய சாப்பாட்டுக் கரண்டியின் காம்பில் துணியைச் சுற்றி, கைக்கு அடங்கும் தடிமன் வந்ததும் டேப் ஒட்டிவிடுங்கள். விதைக்குச் சூரியகாந்தியை எடுங்கள்.

மூட்டுவாதம் வந்த விரல்கள் முழுதாக மடங்காது. மெல்லிய காம்பை இறுக்கிப் பிடித்தால் வலிக்கும், தடித்ததைப் பிடிக்க அவ்வளவு மடக்க வேண்டியதில்லை. கீரை விதை போன்ற பொடி விதைகள் நடுங்கும் கையிலிருந்து கொட்டிவிடும், கண்ணுக்கும் தெரியாது. சூரியகாந்தி விதையை ஒவ்வொன்றாக எடுத்து, விரல் கணு ஆழத்துக்கு அழுத்தலாம். வெதுவெதுப்பான இடத்தில் ஏறக்குறைய ஒரு வாரத்தில், விதைத்தோலைத் தொப்பி மாதிரி தலையில் மாட்டிக்கொண்டு முளை எட்டிப் பார்க்கும். அதைப் பார்க்கத்தானே இவ்வளவும்! மண் நிரப்பிய தட்டை, கட்டிலின் சாப்பாட்டு மேசையிலேயே வைத்துக்கொண்டால் குனியவும் வேண்டாம்.

கீமோதெரபி எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், கையில் ஆறாத புண் உள்ளவர்களுக்கு இது ஆகாது. மண்ணில் பூஞ்சையும் பாக்டீரியாவும் உண்டு. மற்றவர்களுக்கும் வார்டு நர்ஸிடம் கேட்டுவிட்டே மண்ணைக் கொண்டுபோங்கள், அதுவும் நனைத்து, தூசி பறக்காதபடி. மறதி நோய் உள்ளவர் விதையை வாயில் போட்டுவிடலாம். அதனால் பூச்சிமருந்து பூசிய விதையைத் தவிர்த்து, கூடவே ஒருவர் இருங்கள்.