தென் இத்தாலியில் கைடோடு சைக்கிள் பயணம்: முதல்முறை போகிறவர்களுக்குப் படிப்படியாக

போன மே மாதம் நானும் என் மனைவியும் இத்தாலியின் பூலியா பகுதியில் ஆறு நாள் சைக்கிளில் சுற்றிவிட்டு வந்தோம். பூட்ஸ் மாதிரி இருக்கும் இத்தாலி வரைபடத்தில் குதிகால் இருக்கும் இடம்தான் பூலியா. பக்கத்து மாநிலமான பசிலிக்காத்தாவின் மத்தேராவில் கிளம்பி, அல்பெரொபெல்லோ, லொகொரொதோந்தோ, சிஸ்தெர்னினோ, ஒஸ்தூனி என்று ஊர் ஊராகப் போய் அட்ரியாட்டிக் கடற்கரையில் முடித்தோம். முன்னால் ஒரு கைடு, பின்னால் எங்கள் பெட்டிகளோடு ஒரு வேன். வார இறுதியில் ஈசிஆரில் 30 கிலோமீட்டர் ஓட்டுவதுதான் எங்களுடைய மொத்த அனுபவம். அது போதுமானதாக இருந்தது.

விசா, டிக்கெட் பற்றி இங்கே எழுதவில்லை. பாரி அல்லது பிரிந்திசி விமான நிலையத்தில் இறங்கினால் போதும். மீதியைப் பார்ப்போம்.

படி 1: மாதம்

ஏப்ரல் கடைசி முதல் ஜூன் பாதி வரை, இல்லையென்றால் செப்டம்பர், அக்டோபர். ஜூலை, ஆகஸ்டில் போகாதீர்கள். நமக்கு வெயில் பழக்கம்தானே என்று நினைக்கலாம். நிழலே இல்லாத சுண்ணாம்புக்கல் மேட்டில் நடுப்பகலில் மிதிப்பது வேறு விஷயம்.

படி 2: பதிவு செய்வதற்கு முன் கேட்க வேண்டியவை

கைடு இல்லாமல் வரைபடத்தை மட்டும் கையில் கொடுத்து அனுப்பும் பயணங்களும் உண்டு, விலையும் குறைவு. முதல்முறை என்றால் கைடோடு போங்கள் என்பதே என் கருத்து. அங்குள்ள கிராமத்துச் சந்துகள் கல்சுவர்களுக்கு நடுவே ஒரே மாதிரி இருக்கும். வழி தேடுவதிலேயே பாதி நாள் போய்விடும்.

ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று எல்லோரும் கேட்பார்கள். அதைவிட முக்கியம், ஒரு நாளில் மொத்தம் எத்தனை மீட்டர் ஏற்றம் என்பது. தட்டையான 50 கிலோமீட்டரை யாரும் ஓட்டலாம். 800 மீட்டர் ஏற்றத்தோடு வரும் 50 உங்களைச் சாப்பிடக்கூட விடாது. களைத்தால் நடுவில் வேனில் ஏறிக்கொள்ளலாமா என்பதையும் கேட்டு வையுங்கள்.

சைக்கிளில் ஹைப்ரிட் வகையை (ரோடு பைக்குக்கும் மவுண்டன் பைக்குக்கும் இடைப்பட்டது) கேளுங்கள், டயர் 35 மில்லிமீட்டருக்குக் குறையாமல். ஒல்லி டயர் வைத்த ரோடு பைக் வேண்டாம். பாதையில் சரளைக்கல் வரும், ஊருக்குள் வழவழப்பான பழைய கல்தளம் வரும். மின்சைக்கிள் எடுப்பதில் எந்தக் குறையும் இல்லை. என் மனைவி அதில்தான் வந்தாள், மேடுகளில் கைடோடு பேசிக்கொண்டே ஏறினாள்.

படி 3: அளவும் உடையும்

உயரத்தை மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். சுவரோடு ஒட்டி நின்று, இரு கால்களுக்கு நடுவே ஒரு புத்தகத்தை மேல்வரை வைத்து, அங்கிருந்து தரைவரை அளந்து அந்த அளவையும் அனுப்புங்கள். உங்களுக்கான ஃபிரேமை அதை வைத்துத்தான் சரியாகத் தேர்வு செய்ய முடியும். பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் இரண்டு வேண்டும். அதற்குள் உள்ளாடை போடக் கூடாது, தையல் உரசிப் புண்ணாகிவிடும். ஹெல்மெட் அங்கே பெரியவர்களுக்குச் சட்டப்படி கட்டாயமில்லை. ஆனாலும் போடுங்கள், தலையில் சரியாக உட்காரும் சொந்த ஹெல்மெட்டையே கொண்டுபோங்கள்.

படி 4: பிரேக் (இதை மட்டும் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள்)

நம்மூர் சைக்கிள்களில் பெரும்பாலும் வலது கை முன்சக்கர பிரேக், இடது கை பின்சக்கர பிரேக். இத்தாலியில் நேர்மாறு. இடது கையை அழுத்தினால் முன்சக்கரம் நிற்கும். கைடு முதல் நாள் காலையில் இதைச் சொன்னார். நானும் தலையாட்டினேன். மூளைக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை.

சிஸ்தெர்னினோவிலிருந்து கடல் பக்கம் இறங்கும் சரிவு. வலது பக்கம் திரும்ப வேண்டும் என்று பின்னால் வருகிறவர்களுக்குக் காட்ட வலது கையைத் தூக்கினேன். வேகம் கூடியது. மீதமிருந்த இடது கையால், பின் பிரேக் என்ற பழக்கத்தில், அழுத்திப் பிடித்தேன். முன்சக்கரம் அப்படியே நின்றது, நான் ஹேண்டில்பாருக்கு மேலே போய் விழுந்தேன். உள்ளங்கை உரிந்து மணிக்கட்டு வீங்கியது. அன்று மிச்ச தூரம் வேனில்தான். இன்னும் பத்தடி தள்ளி விழுந்திருந்தால் கல்சுவர்.

இதிலிருந்து தப்பிக்க நான் கண்ட வழி இது:

1. பதிவு செய்யும்போதே, குறைந்தது இரண்டு வாரம் முன்னால், பிரேக்கை மாற்றித் தர முடியுமா என்று எழுதிக் கேளுங்கள். கேபிள் பிரேக் என்றால் மெக்கானிக்குச் சின்ன வேலை. எண்ணெயில் இயங்கும் டிஸ்க் பிரேக் என்றால் குழாயைக் கழற்றி மாட்டி, உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். காலையில் கிளம்பும் நேரத்தில் கேட்டால் நடக்காது.

2. மாற்ற முடியாவிட்டால், சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒன்றை வீட்டிலிருந்தே கொண்டுபோய் முன்சக்கர பிரேக் லீவரில் சுற்றிவிடுங்கள். கண்ணில் படுவதோடு விரலுக்கும் வித்தியாசம் தெரியும்.

3. சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே நடங்கள். இடதை அழுத்துங்கள், பின்சக்கரம் மேலே எழும்புவதைப் பாருங்கள். வலதை அழுத்துங்கள், பின்சக்கரம் இழுபடுவதைப் பாருங்கள். பத்து முறை செய்யுங்கள். பிறகு ஏறி, மெதுவாக, சமதளத்தில் ஒரு கால் மணி நேரம்.

4. இறக்கத்தில் கை காட்டாதீர்கள். வாயால் சொல்லுங்கள். கை காட்டியே ஆக வேண்டும் என்றால், இறக்கம் தொடங்குமுன் காட்டிவிட்டு இரண்டு கைகளையும் லீவருக்குக் கொண்டுவாருங்கள்.

5. இரண்டு பிரேக்கையும் சேர்த்து, விட்டு விட்டு அழுத்துங்கள். இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி உட்காருங்கள். இறக்கத்தில் உடல் எடை முன்சக்கரத்தின் மேல் சாய்வதால்தான் முன் பிரேக் அவ்வளவு கடுமையாகப் பிடிக்கிறது.

வலது பக்கம் ஓட்டுவது இதைவிடச் சுலபம். ரவுண்டானாவில் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றுவார்கள். ஆள் இல்லாத சாலையில் நின்று கிளம்பும்போதுதான் பழக்கம் நம்மை இடப்பக்கம் இழுக்கும். என் மனைவி ஒவ்வொரு முறை ஏறும்போதும் ‘வலது’ என்று வாய்விட்டுச் சொல்வாள். நானும் பழகிக்கொண்டேன்.

படி 5: சாப்பாடும் கடிகாரமும்

மதியம் ஒரு மணிக்குமேல் கடைகளை மூடிவிடுவார்கள். நான்கு, ஐந்து மணிக்குத்தான் மறுபடி திறப்பார்கள். அந்த வெயில் நேரத்துக்குத் தெற்கில் ‘கொன்த்ரோரா’ என்றே பெயர். இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு மேல். ஆகவே சட்டைப்பையில் எப்போதும் தாரல்லி வைத்திருங்கள். ஆலிவ் எண்ணெய், மாவு, ஒயின் சேர்த்துச் சுடும் சின்ன வளைய பிஸ்கட் அது. நம் முறுக்கைப் போலக் கொறிக்கலாம், நொறுங்காது. விலை உயர்ந்த எனர்ஜி ஜெல் எதுவும் தேவையில்லை.

சைவர்கள் பயப்பட வேண்டாம், ஒரு கண்ணியைத் தவிர. பூலியாவின் பெயர்பெற்ற உணவு ஒரெக்கியெத்தே. ‘சின்னக் காது’ என்று பொருள். ரவை மாவை விரலால் அழுத்திக் காது வடிவில் செய்வது. அதைச் சீமே தி ராப்பா என்ற கீரையோடு தருவார்கள். தட்டில் கீரை மட்டுமே தெரியும், ஆனால் எண்ணெயில் நெத்திலி கரைந்திருக்கும். ‘சென்ஸா அச்சூகே’, நெத்திலி இல்லாமல், என்று சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்கக்கூடியது ஃபாவே எ சிகோரியா: காய்ந்த ஃபாவா பீன்ஸை மசியவைத்து, மேலே சிக்கரிக் கீரை, பச்சை ஆலிவ் எண்ணெய். நம் காபித்தூளில் கலக்கிறார்களே, அதே சிக்கரிச் செடியின் இலைதான். கூட அல்தமூரா ரொட்டி. நான்கு நாள் இதையே சாப்பிட்டேன், சலிக்கவில்லை. அசைவர்களுக்குச் சிஸ்தெர்னினோ: கறிக்கடையில் இறைச்சியைத் தேர்ந்தெடுத்தால் அங்கேயே அடுப்பில் சுட்டுத் தருவார்கள்.

படி 6: எங்கே நிற்க வேண்டும்

மத்தேராவின் சஸ்ஸி குகைவீடுகளுக்குச் சைக்கிளில் போகாதீர்கள், எல்லாம் படிக்கட்டு. கிளம்புவதற்கு முந்தைய மாலையே வந்து நடந்து பாருங்கள். மக்கள் கால்நடைகளோடு நெருக்கியடித்து வாழ்ந்த இந்தக் குகைகளைக் காலி செய்ய 1952ல் சட்டம் போட்டார்கள். 1993ல் அதே இடம் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

அல்பெரொபெல்லோவின் கூம்புக் கூரை வீடுகள், த்ருல்லி, 1996 முதல் அதே பட்டியலில் இருக்கின்றன. சாந்தே இல்லாமல் கல்லை அடுக்கிக் கட்டியவை. வரி வசூலிப்பவர் வரும்போது சட்டெனக் கலைத்துவிடத்தான் அப்படிக் கட்டினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். பகலில் சுற்றுலாக் கூட்டம் அதிகம். காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது சிஸ்தெர்னினோ பக்கத்து நீர்க்கால்வாய்ப் பாதை. பூலியாவில் மழை பெய்தாலும் சுண்ணாம்புக்கல் குடித்துவிடும், ஆறுகள் மிகக் குறைவு. அதனால் மலைக்கு அந்தப்புறம் மேற்கே ஓடும் சேலே ஆற்றின் ஊற்றைத் திருப்பிக் கொண்டுவர 1906ல் வேலை தொடங்கி, 1915ல் பாரிக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். கால்வாயைப் பராமரிக்கப் போட்ட பாதையில்தான் இப்போது சைக்கிள் ஓடுகிறது. தண்ணீர் தானாக வழிந்தோடக் கட்டியது என்பதால் பாதையும் கிட்டத்தட்டச் சமதளம். புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. ஊர்களில் அந்தக் கால்வாய்த் தண்ணீர் வரும் பழைய இரும்புக் குழாய்களைப் பார்த்தால் பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள். காசு கிடையாது, தண்ணீர் குளிர்ந்திருக்கும்.

ஒஸ்தூனியிலிருந்து இறங்கியதும் வரும் ஆலிவ் சமவெளியில் கைடிடம் கேட்டு அரை நாள் தங்குங்கள். ஆயிரம் ஆண்டு தாண்டியவை என்று கருதப்படும் மரங்கள் முறுக்கிய கயிறு மாதிரி நிற்கின்றன. 2013ல் கல்லிப்போலி அருகே கண்டறியப்பட்ட சைலெல்லா என்ற பாக்டீரியா, மரத்தில் நீர் ஏறும் குழாய்களை அடைத்துக் காயவைக்கிறது. ஒரு சின்னப் பூச்சிதான் மரத்துக்கு மரம் பரப்புகிறது. தெற்கே லட்சக்கணக்கில் மரங்கள் பட்டுப்போயின. ஒரு மரத்தைத் தொட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றேன். பேச்சு வரவில்லை.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுப் போன ஒருவர், ஒஸ்தூனி ஏற்றத்தில் மின்சைக்கிளின் பேட்டரி தீர்ந்து தள்ளிக்கொண்டு போனதாக எழுதினார். காலையிலிருந்தே மோட்டாரின் உதவியை உச்சத்தில் வைத்திருக்கிறார். சமதளத்தில் மிகக் குறைந்த உதவியில் ஓட்டுங்கள், ஏற்றத்துக்கு மிச்சம் வையுங்கள். மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டினால் மோட்டார் தானாக நின்றுவிடும், அது பழுதில்லை.

இன்னொருவர் ஆலிவ் எண்ணெயைக் கைப்பையில் வைத்து விமான நிலையச் சோதனையில் பறிகொடுத்திருக்கிறார். கண்ணாடிப் பாட்டில் வேண்டாம், தகர டப்பாவில் வாங்குங்கள். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, பிளாஸ்டிக் பையில் கட்டி, செக்-இன் பெட்டியின் நடுவில் துணிகளுக்குள் வையுங்கள். பிரேக்குக்குக் கொண்டுபோன சிவப்பு டேப் இதற்கும் ஆகும்.