பதினாயிரம் தாலந்து உவமையை வீட்டுக் கணக்கில் வைத்து வாசிப்பது எப்படி?

மத்தேயு 18:23-35-இல் இயேசு சொல்லும் உவமை இது. ராஜா கணக்குப் பார்க்க உட்காருகிறான். பதினாயிரம் தாலந்து கடன்பட்டவன் காலில் விழுகிறான். ராஜா மனதிரங்கிக் கடனைத் தள்ளிவிடுகிறான். வெளியே போனவன், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டிய உடன்வேலைக்காரனின் தொண்டையைப் பிடிக்கிறான். அதைக் கேள்விப்பட்ட ராஜா அவனைத் தண்டனைக்கு ஒப்புக்கொடுக்கிறான்.

ஓய்வுநாள் பள்ளியிலேயே கேட்ட கதை என்பதால், "ஆமாம், மன்னிக்கணும்" என்று தலையாட்டிவிட்டு அதே மனவருத்தத்தோடு வீடு திரும்புவதுதான் வழக்கமாக நடக்கிறது. வீட்டு ஜெபக்கூட்டத்தில், அன்பியத்தில் (கத்தோலிக்கப் பங்கின் சிறு குழுவில்), தனித் தியானத்தில், எங்கே எடுத்தாலும் கணக்கிலிருந்து தொடங்குங்கள். கருத்து பிறகு வரட்டும். ஆளுக்கு ஒரு நோட்டு, ஒரு பேனா, முக்கால் மணி நேரம் போதும்.

முதலில் தொகை

வெள்ளிப்பணம் என்பது தெனாரியம் என்ற ரோமக் காசு. மத்தேயு 20-இல் திராட்சத்தோட்டத்துக்காரன் நாளொன்றுக்கு ஒரு பணம் கூலி பேசுகிறானே, அதே காசுதான். ஒரு தாலந்துக்கு 6,000 தெனாரியம். இதை உங்கள் ஊர்க் கூலியில் போட்டுப் பாருங்கள். நாள் கூலி 700 ரூபாய் என்றால் நூறு வெள்ளிப்பணம் 70,000 ரூபாய். பதினாயிரம் தாலந்து 6 கோடி நாள் கூலி. 4,200 கோடி ரூபாய். வருஷத்துக்கு 300 நாள் வேலை செய்தாலும் அடைக்க 2,00,000 வருஷம் ஆகும். இயேசு வளர்ந்த கலிலேயாவிலிருந்தும் பெரேயாவிலிருந்தும் அவற்றை ஆண்ட ஏரோது அந்திப்பாவுக்கு வருஷத்துக்கு 200 தாலந்து வருமானம் வந்ததாக முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதுகிறார். அந்தக் கணக்கில் இது 50 வருஷ வரிப்பணம். "எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன்" என்று அந்த ஆள் சொல்வதைக் கேட்டுக் கூட்டம் சிரித்திருக்கும்.

பல பிரசங்கங்கள் தவறுவது அடுத்த தொகையில். நூறு வெள்ளிப்பணத்தை "அற்பக் காசு" என்று சொல்லிவிடுகிறார்கள். கூலிக்காரனுக்கு 70,000 ரூபாய் அற்பமா? மூன்று மாதத்துக்கு மேல் உழைத்த காசு. உங்கள் காயம் சின்னது என்று இந்த உவமை எங்கேயும் சொல்லவில்லை. 4,200 கோடிக்குப் பக்கத்தில் வைக்கும்போதுதான் அது சின்னதாகத் தெரிகிறது. ஆகவே வருத்தத்தோடு வந்து உட்கார்ந்திருப்பவரிடம் "இதெல்லாம் ஒரு விஷயமா" என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த நிமிஷமே அவர் காது அடைத்துக்கொள்ளும்.

இரண்டு வசனம், இரண்டு குரல்

26-ஆம் வசனத்தை ஒருவரும் 29-ஆம் வசனத்தை இன்னொருவரும் சத்தமாக வாசிக்கட்டும். "என்னிடத்தில் பொறுமையாயிரும், எல்லாவற்றையும் உமக்குக் கொடுத்துத் தீர்க்கிறேன்." பழைய மொழிபெயர்ப்பில் இரண்டு இடத்திலும் இதே வார்த்தைகள். தான் கெஞ்சிய கெஞ்சலையே அடுத்தவன் வாயிலிருந்து கேட்டும் அவனுக்கு உறைக்கவில்லை. வாசித்ததும் யாரும் விளக்கம் சொல்லாமல் ஒரு நிமிஷம் விடுங்கள்.

பிறகு ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். அவன் கேட்டது தவணை, கிடைத்தது தள்ளுபடி. (தள்ளுபடி என்றதும் நமக்குத் தேர்தல்தான் நினைவுக்கு வரும். இந்த ராஜாவுக்குத் தேர்தல் இல்லை.) தள்ளிய கடன் காற்றில் கரைவதில்லை, அந்த நஷ்டத்தை ராஜாவின் கஜானா சுமக்கிறது. மன்னித்த பிறகும் ஏன் வலிக்கிறது என்று கேட்பவருக்கு இதுவே பதில்.

நோட்டில் எழுதும் பகுதி

இடது பக்கத்தில் "எனக்கு வரவேண்டியது" என்று எழுதி, ஒரே ஒரு கடனைக் குறியுங்கள். இரண்டு மூன்று எழுதினால் எல்லாம் மேலோட்டமாகிவிடும். "சித்தி எப்பவுமே அப்படித்தான்" என்பது கடன் ஆகாது, அது தீர்ப்பு. "தங்கச்சி கல்யாணத்தில், பந்தியில் உட்கார்ந்த என் மாமியாரை, மாப்பிள்ளை வீட்டார் உட்காரட்டும் என்று சித்தி எழுப்பிவிட்டார். புகுந்த வீட்டில் இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்கள்." இது கடன். யார், எப்போது, எனக்கு என்ன போயிற்று என்பது தெரிகிறது. பணம் என்றால் தொகையை எழுதுங்கள்.

அதன் கீழே "எப்படி வசூலிக்கிறேன்?" என்று ஒரு வரி. நம்மில் யாரும் தொண்டையைப் பிடிப்பதில்லை. விசேஷத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டுக் கை நனைக்காமல் திரும்புகிறோம். சித்தி வந்தால் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்கிறோம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லாருக்கும் பதில் போட்டுவிட்டு அவருக்கு மட்டும் போடுவதில்லை. பயிற்சி முழுவதிலும் அதிகம் உதவுவது இந்த வரிதான். உணர்ச்சியை உடனே மாற்ற முடியாது, கையை எடுக்க முடியும். எழுதியவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்து ஒரு வாரம் நிறுத்துங்கள்.

வலது பக்கத்தில் "எனக்குத் தள்ளப்பட்டது." "கர்த்தர் என் பாவங்களை மன்னித்தார்" என்று பொதுவாக எழுதினால் கணக்கு வேலை செய்யாது. மூன்று காரியங்களைக் குறிப்பாக எழுதுங்கள். அதில் ஒன்றாவது வேறு யாருக்கும் தெரியாததாக இருக்கட்டும். கூட்டமாகச் செய்தால் நோட்டை யாரும் சத்தமாக வாசிக்கவும் கூடாது, பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்க்கவும் கூடாது. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் எல்லாரும் நல்ல பிள்ளைக்குரிய பாவங்களைத்தான் எழுதுவார்கள்.

எங்கே கெடும்

ராஜா பெண்சாதி பிள்ளைகளை விற்கச் சொல்கிறானே, தேவன் அப்படியா என்று ஒருவர் கேட்பார். உவமையின் ஒவ்வொரு உறுப்புக்கும் பொருள் தேடினால் இப்படித்தான் சிக்கும். அது அந்தக் காலக் கடன் வழக்கம். கதை போவது 35-ஆம் வசனத்துக்கு: நீங்கள் மனப்பூர்வமாய் மன்னியாமற்போனால் பரமபிதாவும் உங்களுக்கு இப்படியே செய்வார். ஆனால் அந்தக் கடைசி வசனத்தின் கடுமையைத் தேன் தடவிக் குறைக்கவும் வேண்டாம்.

சீட்டுப் பணத்தை ஏமாற்றியவனிடம் பணம் கேட்கக் கூடாது என்று இதை வைத்துச் சொல்லாதீர்கள். அதே அதிகாரத்தில் 15 முதல் 17 வரை, குற்றம் செய்தவனைத் தனியே பார்த்து உணர்த்து, கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரோடு போ, பிறகு சபைக்குச் சொல் என்று வழிமுறையே இருக்கிறது. கேட்பதும் புகார் கொடுப்பதும் பகை ஆகாது. மன்னித்த மைத்துனனுக்கு மறுபடி ஜாமீன் கையெழுத்துப் போடவேண்டிய கட்டாயமும் இல்லை.

அடிபடும் பெண்ணிடம் இந்த உவமையைச் சொல்லித் திருப்பி அனுப்புவதுதான் ஆகப் பெரிய தவறு. 31-ஆம் வசனத்தைப் பாருங்கள்: தொண்டை நெரிபட்டதைக் கண்ட உடன்வேலைக்காரர் துக்கப்பட்டு, போய் தங்கள் ஆண்டவனான ராஜாவிடம் அறிவித்தார்கள். "பொறுத்துப் போ" என்று அவர்கள் சொல்லவில்லை. இந்தியாவில் பெண்களுக்கான உதவி எண் 181. முதலில் அவருடைய பாதுகாப்பைப் பாருங்கள்.

கூட்ட முடிவில் இரண்டு பேரை எழுப்பிக் கைகுலுக்க வைப்பதும் வேண்டாம். அதற்குப் பதில் கர்த்தருடைய ஜெபத்தை மெதுவாகச் சொல்லுங்கள். பழைய மொழிபெயர்ப்பின் மத்தேயு 6:12-இல் "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்று கடன் என்ற சொல்லே வருகிறது. கத்தோலிக்க ஜெபத்தில் "தீமை செய்வோரை நாங்கள் பொறுப்பது போல". அந்த "போல"வில் நிறுத்தி, நோட்டில் எழுதிய பெயரை மனதுக்குள் சொல்லிவிட்டுத் தொடருங்கள்.

ஒரு வாரம் கழித்து அதே கோபம் திரும்பும். இந்த உவமைக்குச் சற்று முன் இயேசு பேதுருவிடம் மன்னிக்கச் சொன்ன ஏழெழுபதுதரம் என்பது புதுப்புதுக் குற்றங்களுக்கு மட்டும் இல்லை, ஒவ்வொரு கல்யாணப் பத்திரிகை வரும்போதும் கிளம்பும் அந்த ஒரே குற்றத்துக்கும்தான். அப்போது புதுப் பக்கம் திருப்பாதீர்கள். பழைய வரியின் பக்கத்தில் அன்றைய தேதியை மட்டும் போடுங்கள். சித்தி வீட்டு விசேஷம் அடுத்து எப்போது வந்தாலும், மொய்யை எழுதிவிட்டு, பந்தியில் உட்கார்ந்து கை நனைத்துவிட்டு வாருங்கள்.