தில்லி அறையில் பீன்ஸ் பொரியல்: தேங்காய் வாங்குவதிலிருந்து இறக்கும் வரை

"சித்தி, பொரியல்ல தண்ணி நிக்குது. கொட்டிடவா?"

ஓல்ட் ராஜேந்தர் நகரில் அறை எடுத்துக் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் என் அக்கா மகன், ஒரு நாள் இராத்திரி எட்டரை மணிக்குப் போன் செய்து கேட்டது இது. கால் கிலோ பீன்ஸுக்கு ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடி வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறான். "கொட்டாதடா, சத்தெல்லாம் போயிடும். மூடிய எடுத்துட்டு அடுப்பக் கூட்டி வை, வத்தட்டும்" என்றேன். தண்ணீர் வற்றியது, ஆனால் பீன்ஸ் குழைந்துவிட்டது. அதையும் மூன்று பேர் தயிர் சாதத்துக்குத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார்களாம். கேட்டதும் எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே மூவரையும் ஆர்.கே.புரத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு வரச்சொல்லி, அடுப்புப் பக்கத்தில் நிற்கவைத்து, ஒரு பொரியலை முதலிலிருந்து செய்யவைத்தேன். அன்று அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெயர் ஊருக்கு ஊர் மாறும். சில வீடுகளில் கறி என்பார்கள், நாஞ்சில் நாட்டில் துவரன், மலையாளிகளுக்குத் தோரன், கன்னடக்காரர்களுக்குப் பல்யா. தேங்காயை அரைத்துப் போடுவதா, துருவிப் போடுவதா, சீரகம் உண்டா என்பதில்தான் வித்தியாசம். நாம் செய்யப்போவது எல்லாவற்றிலும் எளிமையான, துருவிப் போடும் முறை. இதில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்: காய் பெரும்பாலும் தன் ஈரத்திலேயே வேக வேண்டும். வெந்து முடியும்போது கடாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட மிச்சம் இருக்கக்கூடாது.

கடையில் என்ன கேட்பது

இரண்டு மூன்று பேருக்குக் கால் கிலோ பீன்ஸ் போதும். தில்லியில் கால் கிலோவுக்கு 'பாவ்' என்று பெயர். மங்கள் பஜார், புத் பஜார் என்று கிழமைக்கு ஒரு இடத்தில் போடும் வாரச் சந்தையில் வாங்கினால் காய் புதிதாகவும் மலிவாகவும் கிடைக்கும். ஒரு பீன்ஸை எடுத்து ஒடித்துப் பாருங்கள். 'டக்'கென்று ஒடிந்தால் வாங்கலாம். வளைந்து கொடுத்தாலோ, உள்ளே விதை புடைத்துத் தெரிந்தாலோ அடுத்த வண்டிக்குப் போங்கள்.

தாளிக்கிற சாமான்களை மளிகைக் கடையில் கேட்கும்போதுதான் புதிதாக வந்தவர்கள் குழம்புகிறார்கள். கடுகுக்கு 'ராய்' என்று கேளுங்கள். 'சர்சோன்' என்று கேட்டால் மஞ்சள் கடுகைக்கூட எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். உளுத்தம்பருப்புக்கு 'துலி உரத்'. வெறும் உரத் என்றால் கறுப்புத் தோலோடு வந்து சேரும். கறிவேப்பிலைக்கு 'கடி பத்தா'. கொத்தமல்லியும் பச்சைமிளகாயும் காய்க்காரர்கள் கொசுறாகவே போடுவார்கள், கறிவேப்பிலை எல்லா வண்டியிலும் இருக்காது. இங்கே பல குடியிருப்புகளில் அது மரமாகவே நிற்கிறது, அக்கம்பக்கத்தில் கேட்டால் ஒரு கொத்து ஒடித்துத் தருவார்கள். பெருங்காயத்துக்குக் கவலையே வேண்டாம். அதற்குப் பேர்போன ஹாத்ரஸ் பக்கத்து மாநிலத்தில்தான் இருக்கிறது, எந்தக் கடையிலும் 'ஹீங்' கிடைக்கும்.

எண்ணெய் விஷயத்தில் கொஞ்சம் கவனம். அறையில் வடக்கத்தி நண்பர்கள் இருந்தால் அலமாரியில் கடுகெண்ணெய்தான் இருக்கும். அவர்கள் சமையலுக்கு அது அருமையான எண்ணெய். ஆனால் அதன் காரமான வாசனை தேங்காயை அமுக்கிவிடும், பொரியலுக்கு வேண்டாம். தேங்காயெண்ணெய் இருந்தால் முதல் தரம், இல்லாவிட்டால் கடலை எண்ணெயோ சூரியகாந்தியோ போதும். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைய ஆரம்பிக்கும். டிசம்பர், ஜனவரியில் இங்கே அது பாட்டிலுக்குள் கல்லாகிவிடும். வாய் அகலமான டப்பாவில் மாற்றி வைத்துக்கொண்டால் கரண்டியால் சுரண்டி எடுக்கலாம்.

தேங்காய்

நம் ஊரில் யோசிக்கவே வேண்டாத சாமான், தில்லியில் நிதானமாக வாங்க வேண்டிய சாமான். தெருமுனை மளிகையில் 'நாரியல்' என்று கேட்டால் கொப்பரையையோ, இனிப்புக்குப் போடும் உலர்ந்த துருவலையோதான் நீட்டுவார்கள். துருவலுக்கு இங்கே 'புராதா' என்று பெயர். மரத்தூளுக்கும் அதே சொல்தான். பொரியலில் அதை அப்படியே போட்டால் வாயில் மரத்தூள் போலவே இருக்கும். நமக்கு வேண்டியது 'கச்சா நாரியல்'. ஐஎன்ஏ மார்க்கெட்டில் எப்போதும் கிடைக்கும், கரோல் பாக்கிலும் முனிர்க்காவிலும் தேடினால் கிடைக்கும். ஆர்.கே.புரம் முருகன் கோயிலான மலை மந்திரில் அர்ச்சனை செய்தால் கையில் வரும் தேங்காய் மூடியே இரண்டு பொரியலுக்குக் காணும்.

வாங்கும்போது காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். தண்ணீர் சத்தம் கேட்க வேண்டும். மூன்று கண்களும் உலர்ந்து, பூஞ்சை இல்லாமல் இருக்க வேண்டும். கையில் கனமாக இருப்பது நல்ல காய். உடைத்ததும் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பாருங்கள், புளித்தாலோ எண்ணெய் வாடை அடித்தாலோ அந்தக் காயைத் தொடாதீர்கள். பொரியல் மொத்தமும் பாழாகிவிடும்.

அறையில் துருவி இருக்காது, தெரியும். மூடியைச் சில மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் பருப்பு ஓட்டை விட்டுக் கழன்று கொள்ளும். கத்தியால் நெம்பி எடுத்து, சில்லு சில்லாக நறுக்கி மிக்ஸியில் தண்ணீர் விடாமல் விட்டு விட்டு நாலு சுற்றுச் சுற்றுங்கள். மிக்ஸியும் இல்லையென்றால் கேரட் துருவும் 'கத்தூகஸ்' போதும். பழுப்புத் தோலைச் சீவ வேண்டிய அவசியமில்லை.

ஒரு காய் முழுவதையும் ஒரே நாளில் துருவி, ஒரு தடவைக்கு வேண்டிய அளவாகச் சின்னச் சின்னப் பொட்டலங்களாக ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். ஒரு மாதம் தாராளமாக இருக்கும். சமைக்கத் தொடங்கும்போது ஒன்றை எடுத்து வெளியே வைத்தால் இறக்குவதற்குள் இளகிவிடும். எதுவுமே கிடைக்காத நாளில் மூன்று மேசைக்கரண்டி புராதாவை இரண்டு கரண்டி வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்துப் போடலாம். சமாளிக்கலாம், ஆனால் அந்தத் தித்திப்பு வராது.

நறுக்குவது

முதலில் கழுவுங்கள், பிறகு நறுக்குங்கள். நறுக்கிய பிறகு கழுவினால் வெட்டுவாயில் தண்ணீர் ஏறிக்கொள்ளும். கழுவியதை ஒரு துணியில் பரப்பி ஈரத்தைத் துடைத்துவிட வேண்டும். இரண்டு முனையையும் கிள்ளும்போது ஓரத்தில் நார் வந்தால் உரித்துவிடுங்கள். ஆறேழு பீன்ஸைச் சேர்த்துப் பிடித்து, பட்டாணி அளவுத் துண்டுகளாக நறுக்குங்கள். என் அக்கா மகனின் நண்பன் ஒரு துண்டைக் கால் அங்குலமும் அடுத்ததை ஒரு அங்குலமுமாக வெட்டிக்கொண்டிருந்தான். அப்படி வெட்டினால் சின்னது குழையும்போதுதான் பெரியது பாதி வெந்திருக்கும். நேரமானாலும் பரவாயில்லை, ஒரே அளவாக இருக்கட்டும்.

தாளிப்பது

அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே எல்லாவற்றையும் ஒரு தட்டில் எடுத்து வையுங்கள். எண்ணெய் காய்ந்த பிறகு உளுத்தம்பருப்புப் பொட்டலத்தைப் பல்லால் கிழித்துக்கொண்டு நின்றால் கடுகு கருகிவிடும். தட்டில் இருக்க வேண்டியவை: கடுகு அரைத் தேக்கரண்டி, உளுத்தம்பருப்பு ஒரு தேக்கரண்டி, காய்ந்த மிளகாய் இரண்டு, கறிவேப்பிலை ஒரு கொத்து, பெருங்காயம் ஒரு சிட்டிகை, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, துருவிய தேங்காய் நான்கு மேசைக்கரண்டி.

கனமான கடாயில் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மிதமான தீயில் வையுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பென்றால் அடிப்பாகம் தட்டையான கடாயாக இருக்க வேண்டும், சூட்டை நடுவாந்திரத்தில் வைத்தால் போதும். எண்ணெய் காய்ந்ததா என்று பார்க்க ஒரே ஒரு கடுகைப் போடுங்கள். அடியில் சும்மா கிடந்தால் பொறுங்கள். போட்டதும் சுற்றிலும் குமிழி விட்டுச் சட்டென்று வெடித்தால் மீதியைப் போடலாம். கடுகுக்குள் இருக்கும் துளி ஈரம் ஆவியாகித் தோலைக் கிழித்துக்கொண்டு வருவதுதான் அந்த வெடிப்பு. எண்ணெய் போதிய சூடில்லாமல் இருந்தால் கடுகு வெடிக்காமலே வறண்டு கசக்கும்.

படபடவென்ற சத்தம் பாதி அடங்கும்போது உளுத்தம்பருப்பு. இதை மட்டும் கண் எடுக்காமல் பாருங்கள். வெள்ளையாக விழும், சில நொடியில் ஓரம் மஞ்சளாகும், அப்புறம் முழுவதும் பொன்னிறத்துக்கு வரும். பொன்னிறத்திலிருந்து கருப்புக்குப் போக அதற்கு மூச்சு விடும் நேரம் போதும். ஆகவே மஞ்சள் தெரியும்போதே மிளகாயைக் கிள்ளிப் போட்டு, கறிவேப்பிலையையும் பெருங்காயத்தையும் போட்டுவிடுங்கள். கறிவேப்பிலையில் ஈரம் இருந்தால் எண்ணெய் முகத்தில் தெறிக்கும், துடைத்துவிட்டுப் போடுங்கள்.

கருகிவிட்டதா? தயங்காமல் கொட்டிவிட்டுத் திரும்பத் தாளியுங்கள். போகிற எண்ணெய் இரண்டு தேக்கரண்டிதான். கருகிய தாளிப்பில் காயைப் போட்டால் கால் கிலோ பீன்ஸும் வீணாகும்.

வேகவைப்பது

இப்போது பீன்ஸையும் மஞ்சள்தூளையும் போட்டு, தண்ணீர் விடாமல் இரண்டு நிமிடம் வதக்குங்கள். பச்சை நிறம் பளிச்சென்று எழும்பி வரும். அப்போது உப்பைப் போட்டுக் கிளறிவிட்டு, நாலு மேசைக்கரண்டி தண்ணீரைச் சுற்றிலும் தெளியுங்கள். ஊற்ற வேண்டாம், தெளியுங்கள். உப்பு காயிலிருந்து ஈரத்தை வெளியே இழுக்கும், அந்த ஈரமும் தெளித்த தண்ணீரும் சேர்ந்து ஆவியாகிக் காயை வேகவைக்கும்.

தீயைக் குறைத்து ஒரு தட்டால் மூடுங்கள். எங்கள் அம்மா மூடிய தட்டின்மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைப்பார். கீழே எழும் ஆவி அந்தக் குளிர்ந்த தட்டில் பட்டு, சொட்டாகி, திரும்பக் காயின்மேலேயே விழும். நடுவில் கடாய் வறண்டுவிட்டால் தட்டில் வெதுவெதுப்பாக இருக்கும் அந்தத் தண்ணீரையே ஒரு கை தெளித்துக்கொள்ளலாம். குளிர்ந்த தண்ணீரை விட்டால் வேகிற காயின் சூடு இறங்கிவிடும்.

ஏழெட்டு நிமிடம் ஆகும், நடுவில் இரண்டு முறை திறந்து கிளறுங்கள். கரண்டியின் விளிம்பால் ஒரு துண்டை அழுத்தினால் சிரமமில்லாமல் வெட்டுப்பட வேண்டும், ஆனால் நசுங்கக்கூடாது. ஒரு துண்டை வாயில் போட்டு உப்பையும் பார்த்துவிடுங்கள்.

வெந்ததும் மூடியை எடுத்துவிட்டுத் தீயைக் கொஞ்சம் கூட்டுங்கள். இந்த இடத்தில் மூன்று பையன்களையும் பேசாமல் நிற்கச் சொன்னேன். தண்ணீர் இருக்கும்வரை கடாயிலிருந்து ஈரமான, கொழகொழத்த சத்தம் வரும். அது வற்றியதும் சத்தம் மெல்லிசாகி, எண்ணெய் சிடுசிடுப்பது மட்டும் கேட்கும். கரண்டியால் காயை ஒதுக்கினால் அடி உலர்ந்து பளபளக்கும். ஒன்றிரண்டு நிமிட வேலைதான். "இப்ப மாறிடுச்சு சித்தி" என்று என் அக்கா மகன்தான் முதலில் சொன்னான்.

இறக்குவது

அடுப்பை அணைத்துவிடுங்கள். அணைத்த பிறகுதான் தேங்காய். கடாயின் சூடே அதற்குப் போதும். ஒரு புரட்டுப் புரட்டி, ஒரு நிமிடம் மூடி வைத்துத் திறந்தால் வாசனை அறை முழுக்கப் பரவும். தீயில் வைத்துத் தேங்காயை வதக்கினால் அதன் பால் வற்றி, தித்திப்பு போய்ச் சக்கையாகிவிடும். குளிர்காலத்தில் கடாய் சீக்கிரம் ஆறிவிடும் என்பதால் அரை நிமிடம் மட்டும் மிகச் சிறிய தீயில் வைத்து இறக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. மே, ஜூனில் 40 டிகிரி வெயிலில் காலையில் டப்பாவில் கட்டிய தேங்காய்ப் பொரியலை மதியத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். மாலைவரை வைத்தால் முதலில் கெடுவது அதுதான். நூலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து படிப்பவர்கள் அந்த இரண்டு மாதமும் டப்பாவுக்குத் தேங்காய் இல்லாமலே கட்டிக்கொள்ளலாம். இராத்திரி மிஞ்சியதைக் குளிர்பெட்டியில் வைத்து, காலையில் சூடாக்கிச் சப்பாத்திக்குள் சுருட்டினால் நல்ல காலை உணவு.

மற்ற காய்கள்

இதே முறைதான், தண்ணீர்க் கணக்கு மட்டும் மாறும். பீட்ரூட்டுக்கு இன்னும் இரண்டு கரண்டி கூடுதலாக வேண்டும். கொத்தவரங்காய்க்கு இங்கே 'குவார் ஃபலி' என்று பெயர். கசப்பு இருப்பதால் அதைத் தனியாக வேகவைத்து வடித்துவிட்டு வதக்குங்கள். குளிர்காலத்தில் வரும் தில்லியின் சிவப்புக் கேரட் சாறு நிறைந்தது, தித்திப்பும் அதிகம். அதற்கு ஒரு கரண்டி தண்ணீர் போதும், காய்ந்த மிளகாயை ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். 'பத்தா கோபி' என்கிற முட்டைகோஸுக்குத் தண்ணீரே விடக்கூடாது. உப்புப் போட்ட ஐந்தாவது நிமிடம் அதுவே நீர் விட்டுக்கொள்ளும்.

வருகிற சனிக்கிழமை சந்தையில் கோஸ் வாங்கப் போவதாகப் பையன்கள் சொல்லியிருக்கிறார்கள். எட்டரை மணிக்கு நானே ஒரு போன் செய்து, தண்ணீர் ஊற்றிவிடாதே என்று இன்னொரு தடவை சொல்லிவிட வேண்டும்.