நியூயார்க்கில் ஒன்பதாம் வகுப்புச் சேர்க்கை: பள்ளியை மட்டும் ஒப்பிட்டால் போதாது

எங்கள் மகள் ஏழாம் வகுப்பைக் கோயம்புத்தூரில் முடித்த கையோடு நாங்கள் நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதிக்குக் குடிவந்தோம். செப்டம்பரில் எட்டாம் வகுப்பில் சேர்ந்தாள். அக்டோபரிலேயே உயர்நிலைப் பள்ளிக்கான விண்ணப்பம் திறந்துவிட்டது. அந்த விண்ணப்பத்தில் நாங்கள் எழுதாமல் விட்ட ஒரே ஒரு வரியால் அவள் எந்த வகுப்பறையில் உட்கார வேண்டும் என்று விரும்பினாளோ, அதற்கு அடுத்த அறையில்தான் இன்று உட்கார்ந்திருக்கிறாள். இதே பள்ளிகளை இப்போது பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்கு அது நேரக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

அலுவல் சார்ந்த விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே உயர்நிலைப் பள்ளி என்பது ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான நான்கு ஆண்டுகள். எட்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் ‘மைஸ்கூல்ஸ்’ என்ற நகர இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வழக்கமாக டிசம்பர் தொடக்கத்தில் கெடு முடியும், மார்ச் மாதத்தில் இடம் தெரியவரும். நடு ஆண்டில் வந்து இறங்குபவர்கள் குடும்ப வரவேற்பு மையத்திற்கு நேரில் சென்றால், அப்போது இடம் காலியாக உள்ள பள்ளிகளில் ஒன்றில் சேர்த்துவிடுவார்கள். கடவுச்சீட்டு அல்லது பிறப்புச் சான்று, தடுப்பூசிப் பதிவு, முகவரிக்கு இரண்டு சான்றுகள், ஊரில் வாங்கிய மதிப்பெண் பட்டியல்கள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். விசா நிலையைக் காரணம் காட்டி எந்தப் பொதுப்பள்ளியும் பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாது. 1982ஆம் ஆண்டிலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்த விஷயம் இது. நன்கொடை கிடையாது, சிபாரிசு எடுபடாது.

நம்மவர்கள் முதலில் கேட்பது ஸ்டைவசன்ட், பிராங்க்ஸ் சயின்ஸ், புரூக்ளின் டெக் ஆகிய பெயர்களைத்தான். எஸ்.எச்.எஸ்.ஏ.டி. என்ற ஒரே தேர்வின் மதிப்பெண்ணை மட்டும் வைத்து மாணவர்களைச் சேர்க்கும் எட்டுப் பள்ளிகளில் இவையும் அடங்கும். ஆண்டுதோறும் ஏறத்தாழ 25,000 பிள்ளைகள் எழுதும் அந்தத் தேர்வில் சுமார் 4,000 பேருக்கு இடம் கிடைக்கிறது. எழுதட்டும், தவறில்லை. ஆனால் நகரத்தில் 400க்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகள் இருக்கின்றன, உங்கள் பிள்ளை அந்த எட்டில் அல்லாத ஒன்றில் படிக்கவே வாய்ப்பு அதிகம் என்பதை மனத்தில் வைத்து, அந்த மற்றப் பள்ளிகளை ஆராயவும் அதே அளவு நேரம் ஒதுக்குங்கள். நாங்கள் அந்தக் கோடை முழுவதையும் தேர்வுப் பயிற்சிக்கே செலவிட்டுவிட்டு, மற்றப் பள்ளிகளை இரண்டே வார இறுதிகளில் பார்த்து முடித்தோம்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது எங்கள் வீடு இருக்கும் எல்லைக்கு, அதாவது இங்கே சொல்லும் ‘ஸோனு’க்கு உரிய ஒரு பெரிய பள்ளி. பள்ளிப் படிப்பை முடித்துப் பட்டம் பெறுவோர் விழுக்காடு நகரச் சராசரியைவிட நன்றாகவே இருந்தது. ஏ.பி. எனப்படும் கல்லூரித் தரப் பாடங்களின் பட்டியல் நீளமாக இருந்தது. அறிவியல் ஆய்வு வகுப்பில் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஒரே ஆய்வைச் செய்து போட்டிகளுக்கு அனுப்பிய மாணவர்களின் படங்கள் வரவேற்பறைச் சுவரில் வரிசையாக இருந்தன. மகள் அந்தப் படங்களின் முன் வெகுநேரம் நின்றாள். வீடு அந்தப் பள்ளியின் எல்லைக்குள் இருந்ததால் எங்களுக்கு முன்னுரிமை உண்டு என்று தெரிந்ததும், அதை முதல் வரியில் எழுதிவிட்டு நிம்மதியாக உறங்கினோம். மார்ச்சில் அதே பள்ளி கிடைத்தது. ஊருக்குத் தொலைபேசியில் சொல்லி மகிழ்ந்தோம்.

செப்டம்பரில் பாட அட்டவணை வந்தபோது அதில் ஆய்வு வகுப்பு இல்லை. மாணவர்களுக்கு வழிகாட்டும் பள்ளி ஆலோசகரான கவுன்சிலரைப் பார்த்துக் கேட்டோம். அது தனிப் ‘புரோகிராம்’, அதாவது பள்ளிக்குள்ளேயே தனியாகச் சேர்க்கை நடக்கும் பிரிவு, அதற்குத் தனிக் குறியீடு உண்டு, அந்தக் குறியீட்டின்கீழ் விண்ணப்பித்துச் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே அந்த வகுப்பு, இடங்கள் நிரம்பிவிட்டன, பள்ளிக்குள் ஒரு புரோகிராமிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது தங்கள் வழக்கமில்லை என்று அவர் பொறுமையாகவே விளக்கினார். எங்கள் மகளின் ஏழாம் வகுப்பு மதிப்பெண் அதற்குப் போதுமானதாகத்தான் இருந்தது. அவளுக்குச் சமமான மதிப்பெண் உள்ள பக்கத்து வீட்டுப் பையன் அந்த வகுப்பில் இருக்கிறான். அவர்கள் அந்தக் குறியீட்டை எழுதினார்கள், நாங்கள் எழுதவில்லை. வேறுபாடு அவ்வளவுதான்.

இந்தத் தவறு நமக்கு ஏன் எளிதில் நேர்கிறது என்பதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். ஊரில் முதலில் பள்ளி, பிறகுதான் குரூப். பத்தாம் வகுப்பு மதிப்பெண் வந்த பின் முதல் குரூப்பா, வணிகவியலா என்று பள்ளிக்குள்ளேயே முடிவாகும். ஐந்தாறு மதிப்பெண் குறைந்தாலும் தலைமையாசிரியரின் அறை வாசலில் நின்று கேட்டுப் பார்க்கலாம். இங்கே குரூப்பைத் தேர்வு செய்வது விண்ணப்பத்திலேயே, பிள்ளைக்குப் பதின்மூன்று வயதாகும்போதே நடந்துவிடுகிறது. 400 பள்ளிகளில் 700க்கும் மேற்பட்ட புரோகிராம்கள் இருக்கின்றன. விண்ணப்பத்தின் ஒவ்வொரு வரியும் ஒரு புரோகிராமைக் குறிக்கிறதே தவிர, பள்ளியைக் குறிப்பதில்லை. ஒரே கட்டடத்திற்குள் எல்லைக்கு உட்பட்டோருக்கான பிரிவு ஒன்று, மதிப்பெண் பார்த்துச் சேர்க்கும் பிரிவு ஒன்று, எல்லாத் தரத்து மாணவர்களையும் கலந்து எடுக்கும் பிரிவு ஒன்று எனச் சேர்ந்திருக்கலாம். நாம் இணையத்தில் பார்க்கும் விழுக்காடுகளோ இவை அத்தனையையும் கூட்டிப் போட்ட சராசரி.

ஒரே பள்ளியின் பெயரை இரண்டு வரிகளில் எழுதினால் ஒன்றை இழந்துவிடுவோமோ என்ற அச்சமும் எங்களுக்கு இருந்தது. அந்த அச்சத்திற்கு இடமே இல்லை. 2003ஆம் ஆண்டு வரை நகரத்தில் இருந்த பழைய முறையில் பள்ளிகள் தாங்கள் எத்தனையாவது விருப்பம் என்பதைப் பார்க்க முடிந்தது. சுமார் 30,000 பிள்ளைகள் தாங்கள் கேட்காத பள்ளிகளில் சேர்க்கப்பட்டார்கள். அதன் பிறகு ஆல்வின் ராத் உள்ளிட்ட பொருளியலாளர்கள் வகுத்துக் கொடுத்த, இடங்களை ஒதுக்கும் கணக்கீட்டு முறை வந்தது. இந்தத் துறையில் செய்த பணிக்காக அவருக்கும் லாயிட் ஷாப்லிக்கும் 2012இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. இந்த முறையில் நீங்கள் ஒன்றை எத்தனையாவதாக எழுதினீர்கள் என்பது பள்ளிக்குத் தெரியாது. மேலே எழுதியது கிடைக்காவிட்டால், அடுத்த வரியில் உள்ள புரோகிராமுக்கு, அதை முதலாவதாக எழுதியவருக்குச் சமமாகவே உங்கள் பிள்ளையும் எடுத்துக்கொள்ளப்படும். ஆய்வுப் பிரிவை முதல் வரியிலும் எல்லைப் பிரிவை இரண்டாம் வரியிலும் எழுதியிருந்தால், எல்லைப் பிரிவில் எங்களுக்கு இருந்த முன்னுரிமை இம்மியும் குறைந்திருக்காது. இதை யாராவது ஒருவர் எங்களுக்கு முன்பே சொல்லியிருக்கலாமே என்ற வருத்தம் இன்னும் ஆறவில்லை.

எனவே ஒரு பள்ளி பிடித்திருந்தால், அதன் பக்கத்தை இறுதிவரை இறக்கிப் பார்த்து, அங்குள்ள எல்லாப் புரோகிராம்களையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் எப்படிச் சேர்க்கிறார்கள், சென்ற ஆண்டு ஓர் இடத்திற்கு எத்தனை பேர் போட்டியிட்டார்கள் என்பது அங்கேயே இருக்கும். மதிப்பெண் பார்க்கும் பிரிவுகளில் ஏழாம் வகுப்பின் முக்கியப் பாட மதிப்பெண்களை வைத்துப் பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒரே குழுவுக்குள் குலுக்கல் எண்ணால் வரிசைப்படுத்துகிறார்கள். ஊரில் ஏழாம் வகுப்பை முடித்த பிள்ளை என்றால் அந்த மதிப்பெண் பட்டியல் கவுன்சிலரின் கைக்குப் போய், பதிவில் ஏறிவிட்டதா என்று அக்டோபரிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பள்ளிகளை எண்களால் ஒப்பிடும்போது நகரக் கல்வித் துறையின் தரவுப் பலகையில் இரண்டு அளவுகள் இருப்பதைக் கவனியுங்கள். ஒன்று மாணவர்களின் அடைவு; மற்றொன்று, சேரும்போது இருந்த நிலையைக் கணக்கில் கொண்டு, பள்ளி அவர்களை எவ்வளவு உயர்த்தியது என்பது. வடிகட்டி எடுத்த பிள்ளைகளை வைத்திருக்கும் பள்ளியில் முதல் எண் தானாகவே உயர்ந்திருக்கும். பள்ளியின் உழைப்பு தெரிவது இரண்டாவதில்தான். ஆங்கிலம் இன்னும் பழகாத பிள்ளைகளுக்கென்றே இருக்கும் ‘இன்டர்நேஷனல்’ பள்ளிகளை நான்காண்டுப் பட்ட விழுக்காட்டை மட்டும் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள். அத்தகைய முதல் பள்ளி 1985இல் குவீன்ஸில் லகுவார்டியா சமுதாயக் கல்லூரியில் தொடங்கப்பட்டது. அந்தப் பள்ளிகளின் ஆறாண்டு விழுக்காட்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் நியாயமாக இருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்கள் நண்பரின் மகன் அப்படியொரு பள்ளியில் சேர்ந்து ஒரே ஆண்டில் கூச்சம் தெளிந்ததை நான் அருகிலிருந்து பார்த்தேன்.

பள்ளி அறிமுக நாளில் சுவரில் உள்ள படங்களைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல் வாய்விட்டுக் கேளுங்கள். எந்தெந்தப் பாடங்கள் எந்தப் பிரிவினருக்கு மட்டும், பிரிவில் இல்லாத பிள்ளைகளில் எத்தனை பேர் கால்குலஸ் வரை போனார்கள், ஒன்பதாம் வகுப்பில் எந்தக் கணிதம், உள்ளே பிரிவு மாற முடியுமா என்று கேட்டு, பதிலைத் தேதியுடன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நம் பெண்கள் பலர் ஆங்கில உச்சரிப்பை எண்ணித் தயங்குவார்கள். நானும் அன்று அப்படித்தான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

சேர்ந்த பின் மாறுவது கடினம். பாதுகாப்பு, உடல்நலம், அளவுக்கு மீறிய பயண நேரம் போன்ற காரணங்களுக்குத்தான் மாற்றம் தருகிறார்கள். பாடம் பிடிக்கவில்லை என்பதை ஏற்பதில்லை. ஒன்பதாம் வகுப்பில் இருப்பவர்கள் பத்தாம் வகுப்பு இடங்களுக்கு மறுபடியும் விண்ணப்பிக்கலாம் என்ற வழி மட்டும் இருக்கிறது, ஆனால் இடங்கள் மிகக் குறைவு. எங்கள் மகள் இந்த டிசம்பரில் அதற்கு விண்ணப்பித்திருக்கிறாள். இம்முறை ஒவ்வொரு வரியின் குறியீட்டையும் அவளே உரக்கப் படிக்க, நான் பட்டியலோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தேன்.